பெங்களூருக்குப் புறப்படும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறாய். மூன்று மாதமாகச் சம்பந்தியம்மா வீட்டில் குளிப்பாட்ட ஒருவர், பத்தியம் சமைக்க ஒருவர், ராத்திரி துணி மாற்ற ஒருவர் என்று ஆள் இருந்தது. நீ சனிக்கிழமை வந்து கொஞ்சிவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடுவாய். பிள்ளை பிறந்த அன்றே அப்பா ஆகிவிட்டாய் என்று ஊர் சொல்லும். என்னைக் கேட்டால் உனக்கு அது இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்குகிறது.

ராத்திரியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாலாம் மாதத்தில் பல குழந்தைகளுக்குத் தூக்கம் மாறும். நன்றாகத் தூங்கியது திடீரென்று அடிக்கடி விழிக்கும். பால் கொடுப்பது மட்டும்தான் உன்னால் முடியாது, மற்றதெல்லாம் முடியும். அவள் கொடுத்து முடித்ததும் பாப்பாவை வாங்கிக்கொள். தோளில் பழைய வேட்டித் துணியைப் போட்டு, குழந்தையின் முகவாய் தோளுக்கு மேலே வருகிற மாதிரி சாய்த்து, முதுகை மெதுவாகத் தட்டு. ஏப்பம் உடனே வராது, நடந்துகொண்டே இரு. அந்த நேரத்தில் அவள் கண் மூடட்டும். தூங்க வைக்கும்போது சமமான படுக்கையில் மல்லாக்கப் போடு, தலையணை வேண்டாம். எந்த நாளும் குப்புற விழ ஆரம்பிக்கலாம், அதனால் கட்டிலில் தனியாக விட்டுப் போகாதே.

14-வது வார ஊசி அங்கேதான் வரும். 6-வது, 10-வது வாரம் போட்ட அதே ஐந்து நோய்க்கான ஊசிதான். சாயங்காலம் காய்ச்சல் அடிக்கலாம், சிணுங்கும். பாப்பாவின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று டாக்டரிடம் அன்றே எழுதி வாங்கிக்கொள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே.

6 மாதம் வரை தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். உன் பெரியம்மா போனில் வசம்பு உரசிக் கொடு, தேன் தடவு என்பார். ‘சரிங்க பெரியம்மா’ என்று சொல்லிவிட்டு விட்டுவிடு. ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது.

இன்னொன்று. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது சகஜம். ஆனால் இப்போதும் அவள் அடிக்கடி அழுதாலோ, பாப்பா தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல் கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லை என்றாலோ டாக்டரிடம் கூட்டிப் போ. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் வரும், மருத்துவம் இருக்கிறது. ‘எல்லாரும் பெத்தவங்கதானே’ என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த வார்த்தை எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

சட்டப்படி அவளுக்கு 26 வாரம் லீவு. உன்னை மாதிரி தனியார் கம்பெனி ஆண்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை, கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. இருக்கிற லீவை ஊசி நாளுக்கும், அவள் வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கும் எடுத்து வை. பெயர் சூட்டு விழாவுக்கு ஒரு நாள் போதும்.

அப்பாவும் நானும் தீபாவளிக்கு வருகிறோம். அதுவரை வீடியோ கால் போடும்போது பாப்பாவைக் காட்டுவதற்கு முன்னால், மருமகள் சாப்பிட்டாளா என்று சொல்.

அன்புடன்,
அம்மா