மகெல்லன் முகிலுக்கு எந்தக் கணக்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சிறிய மகெல்லன் முகில் என்னும் குறு விண்மீன் பேரடையைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த குறிப்பில், அங்குள்ள மூலக்கூற்று முகில்களின் திணிவு ஒற்றை எண்ணாகத் தரப்பட்டிருந்தது. அது எம்முறையால் பெறப்பட்டது என்பது குறிப்பில் இல்லை. முறை மாறினால் அந்த எண்ணே பல மடங்கு மாறக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

விண்மீன்கள் பிறக்கும் இம்முகில்களில் பெரும்பங்கு ஐதரசன் மூலக்கூறுகளே. அவை கதிர்வீசச் சில நூறு கெல்வின் வெப்பநிலை வேண்டும். முகில்களோ 10 முதல் 20 கெல்வின் வரையான குளிரில் இருக்கின்றன. ஆகையால் வானியலாளர், அவற்றுடன் சிறிதளவே கலந்துள்ள காபனோரொட்சைட்டு (CO) என்னும் வாயு 2.6 மில்லிமீற்றர் அலைநீளத்தில் வீசும் கதிரை அளந்து, அதனை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கி ஐதரசனின் அளவைக் கணிக்கின்றனர். அக்காரணி நமது பால்வீதியின் முகில்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. இரணைமடுவின் நீர்மட்டத்துக்கென வகுத்த கொள்ளளவு அட்டவணையை வைத்து வேறொரு குளத்தின் நீரைக் கணிப்பதற்கு ஒப்பானது, அதனை மகெல்லன் முகிலுக்கும் அப்படியே பயன்படுத்துவது.

அங்கே ஐதரசனும் ஈலியமும் தவிர்ந்த மூலகங்களின் பங்கு சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். தூசும் அதற்கேற்பக் குறைவு. தடுக்கும் தூசு குறைந்த இடத்தில் கழியூதாக் கதிர் ஆழமாக நுழைந்து காபனோரொட்சைட்டைச் சிதைத்துவிடுகிறது. ஐதரசன் மூலக்கூறுகளோ வெளியடுக்கில் அக்கதிரை உறிஞ்சி உள்ளிருப்பவற்றைக் காத்துவிடுகின்றன. இதனால் முகிலின் கருவில் மட்டும் காபனோரொட்சைட்டு எஞ்ச, சுற்றியுள்ள ஐதரசன் நம் கணக்கில் வராமலே போகிறது. வாயுவோடு கலந்துள்ள தூசின் செங்கீழ்க் கதிரிலிருந்து வாயுவின் அளவைக் கணித்தவர்கள் பால்வீதிக்குரியதைவிடப் பல மடங்கு, சில கணிப்புகளில் பத்து மடங்குக்கும் மேலான காரணியைப் பெற்றுள்ளனர். மாறாக, வாயுவின் வேகப் பரம்பலையும் (அதன் பகுதிகளின் வேகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவையும்) முகிலின் ஆரையையும் கொண்டு, முகில் தன் ஈர்ப்பினால் கட்டுண்டிருக்கிறது என்ற எடுகோளில் கணித்தால், விடை பெரும்பாலும் பால்வீதிக் கணக்கை ஒட்டியே வருகிறது; இம்முறையும் காபனோரொட்சைட்டு தெரியும் கருவை மட்டுமே அளப்பதே அதற்குக் காரணம். சிலியின் அற்றகாமாவில் 66 அலைவாங்கிகளுடன் இயங்கும் அல்மா என்னும் வானொலித் தொலைநோக்கி, அக்கருக்களை மிக நுணுக்கமாகக் காட்டினாலும், அங்கு இல்லாத காபனோரொட்சைட்டைக் காட்டிவிட முடியாது. முழு முகிலுக்கும் தூசு முறையே ஏற்றது என்பது என் கருத்து. ஆயினும் தூசுக்கும் வாயுவுக்குமான விகிதத்தையும் தூசின் வெப்பநிலையையும் அதற்கு முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஈலியத்தையும் சேர்த்தார்களா என்பதொன்றாலேயே விடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

வன்னியிலிருந்து இப்பேரடை தெற்கு அடிவானத்துக்கு மேல் 8 பாகை அளவுக்கே எழுகிறது. அது வசதியான நேரத்தில் எழும் கார்த்திகையில் நம் மாரி முகில்கள் அதனை மறைத்துவிடுகின்றன. அதனால் இங்குள்ள உயர்தர மாணவர் பலருக்கு இதனை அறியும் வழி தங்கள் பக்கம் போன்றவைதான். இனிமேல் இத்தகைய எண்ணை வெளியிடும்போது, காபனோரொட்சைட்டா, தூசா, வேகப் பரம்பலா, எதனால் பெறப்பட்டது என்பதையும் வழு எல்லையையும் ஒரு வரியிலேனும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.