பிரதிநிதியை அனுப்பும் முன் விதியை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய-மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கை வந்த 1971 முதல் மாநில சுயாட்சி பேசிவருகிறோம். அந்தப் பேச்சில், அமெரிக்காவில் மாநிலங்களே கேட்டு அரசியல் சாசனத் திருத்த மாநாடு கூட்டலாமே, நமக்கும் அப்படியொரு வழி வேண்டும் என்ற குரலும் சேர்ந்து ஒலிக்கிறது. நியாயமான ஆசைதான். நம் சாசனத்தின் 368ஆவது பிரிவில் திருத்தத்தைத் தொடங்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு மட்டுமே; சில வகைத் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. ஆனால் மாநாட்டுக்கு யார் போவது, அவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே யாரும் தொடுவதில்லை. காரியம் கெடுவது அந்த இடத்தில்தான்.

அமெரிக்க சாசனத்தின் 5ஆவது பிரிவும் அதைச் சொல்லவில்லை. 50 மாநிலங்களில் 34 கேட்டால் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் மாநாட்டைக் கூட்ட வேண்டும், அதன் முன்மொழிவை 38 மாநிலங்கள் ஏற்றால் திருத்தம் செல்லும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எத்தனை பிரதிநிதிகள், தேர்தலா நியமனமா, மாநிலத்துக்கு ஒரு வாக்கா ஆளுக்கு ஒரு வாக்கா என்று ஒரு வரி கிடையாது. இந்த வழியில் மாநாடு ஒருமுறைகூடக் கூடியதில்லை. வந்த 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவை. அதனால் மாநிலங்கள் தாமே சட்டம் போட்டுக்கொள்கின்றன. இண்டியானா 2013இல் போட்ட சட்டப்படி, கொடுத்தனுப்பிய அறிவுறுத்தலை மீறிப் பிரதிநிதி போடும் வாக்கு செல்லாது. பதவியும் போகும், குற்ற வழக்கும் வரும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் 1787இல் நடந்த பிலடெல்பியா மாநாடு. மாநிலங்களைப் பிணைத்திருந்த பழைய உடன்படிக்கையைத் திருத்தப் போனவர்கள் புதிய சாசனத்தையே எழுதிவிட்டார்கள். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நியூயார்க் அனுப்பிய மூவரில் யேட்ஸும் லான்சிங்கும் ஜூலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய ஹாமில்டன் ஒருவரால் மாநிலத்தின் வாக்கைப் போட முடியவில்லை. ஜூலை 16 அன்று, மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் தரும் சமரசம் வாக்கெடுப்புக்கு வந்தது. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்ததால் அந்த மாநில வாக்கு கணக்கிலேயே சேரவில்லை. முடிவு 5க்கு 4. ஆதரித்த இருவரில் ஒருவர் மாறி எதிர்த்திருந்தால் 5க்கு 5 ஆகிச் சமரசம் விழுந்திருக்கும். சின்னஞ்சிறு டெலாவேரோ, சம வாக்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முன்னதாகவே எழுத்தில் கட்டிப்போட்டு ஆளனுப்பியிருந்தது. பேரம் பேசுகையில் அந்தத் தாள் அவர்களுக்குப் பலமாக நின்றது.

ஆகவே பிரதிநிதிகள் ஒற்றைப்படை எண்ணில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த மாற்று ஆள் வேண்டும். மாநில வாக்கைப் போடக் குறைந்தது எத்தனை பேர் அவையில் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே வர வேண்டும். திரும்ப அழைக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடம் மட்டும் விட்டால் போதாது. பேரவை கூடாத நாட்களில் தவறு நடந்தால் என்ன செய்வது? பேரவைக் குழு ஒன்றுக்கு அந்த அதிகாரம் வேண்டும்.

தேர்தல் முறை டெல்டாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது திருத்தத்துக்கு 1933இல் ஒப்புதல் தந்தவை மாநில மாநாடுகள். பிரதிநிதித் தேர்தல் சில இடங்களில் மாவட்டவாரி, பல இடங்களில் மாநிலம் முழுக்க ஒரே பட்டியல். ஒரே பட்டியல் முறையில் வென்ற அணி எல்லா இடத்தையும் வாரிக்கொள்ளும். இங்கே அப்படி வைத்தால் சென்னையும் மேற்கு மாவட்டங்களும் நிரப்பிய பட்டியலில் திருவாரூருக்கும் நாகைக்கும் இடம் மிஞ்சாது. தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்தால் வேதாரண்யத்துக்கு என்ன போகும்? தொகுதிவாரித் தேர்தலே சரி.

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நமக்காக உட்காருபவர் நீர்வளத் துறைச் செயலர். அணைக் கணக்கு பேசும் இடத்துக்கு அது பொருத்தம். சாசனத்தைத் திருத்தும் அவைக்கு, அரசு நினைத்தால் மாற்றக்கூடிய அதிகாரியை அனுப்பக் கூடாது.

மாநாடு கேட்டுப் பேரவையில் தீர்மானம் வருவதற்கு முன்பே இந்தச் சட்டம் வர வேண்டும். தீர்மானத்துக்குப் பிறகு எழுதினால், அன்றைக்கு ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய ஆளை மனதில் வைத்துத்தான் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி