பெக்கி ஆஷ்கிராஃப்ட் பற்றி மகளுக்கு

மேட்டுப்பாளையம்
ஞாயிறு, காலை

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ போனில் அழுததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆறே நாள் நடந்த உன் நாடகம், தினமும் முப்பது நாற்பது பேர், முடிந்த மறுநாளே செட்டைப் பிரித்துவிட்டார்கள், ஒரு வீடியோ கூட எடுக்கவில்லை. "இத்தனை மாசம் பட்ட பாடெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அந்த இங்கிலீஷ் நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட் நினைவாகவே இருக்கிறேன்.

நீ பள்ளிக்கூடம் போகும்போது 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தை வீட்டில் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் நீலகிரி மலை ரயில் வருகிறது என்பதற்காகத்தான் அப்பா அதை வாங்கி வந்தார். நீங்கள் இரண்டு பேரும் "நம்ம ரயில், நம்ம ரயில்" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிஸஸ் மூர்தான் பெக்கி ஆஷ்கிராஃப்ட்.

நிலா வெளிச்சத்தில் அவர் மசூதிக்குள் வரும் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். செருப்போடு வந்துவிட்டதாக நினைத்து டாக்டர் அஜீஸ் கோபப்படுகிறார். கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்கிறார் மிஸஸ் மூர். பெரிய வசனம் எதுவும் இல்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அடுத்தவரின் கோயிலுக்குள் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி நிற்பது போலவே நிற்பார். அந்த நிற்பு எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன்.

1907இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். அப்பா முதல் உலகப்போரில் இறந்துபோனார். 1926இல் பர்மிங்ஹாமில் முதன்முதலாக மேடை ஏறினார். 22 வயதில், 1930இல், லண்டன் சவாய் தியேட்டரில் பால் ரோப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது இவர்தான் அவன் மனைவி டெஸ்டிமோனா. ஒரு கறுப்பரோடு எப்படி நடிக்கலாம் என்று வசைக் கடிதங்கள் வந்தன. அந்த அநியாயம் அவர் மனதில் கடைசிவரை இருந்தது. 1935இல் ஜூலியட். ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியேவும் ரோமியோ, மெர்குஷியோ வேடங்களை மாற்றி மாற்றி நடித்த அதே நாடகம். பார்த்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

அந்த ஜூலியட்டை இன்று நீயும் நானும் பார்க்க முடியாது, கண்ணு. டெஸ்டிமோனாவையும் முடியாது. சில போட்டோக்கள், விமர்சனங்கள், அவ்வளவுதான் மிச்சம். அதே 1935இல் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஸ்காட்லாந்து விவசாயி ஒருவரின் மனைவியாகக் கொஞ்ச நேரம் வந்துபோகிறார். ஓடி வந்த அந்நியனுக்குப் புருஷனின் கோட்டைக் கொடுத்து அனுப்பும் பெண். சின்ன வேடம்தான், பார்த்தால் மறக்காது. அந்த வயதில் அவர் என்னவாக இருந்தார் என்று நமக்குக் காட்ட அந்தச் சில நிமிஷங்களாவது தப்பின.

அதற்கப்புறமும் அவர் சினிமாவைத் தேடிப் பெரிதாக ஓடவில்லை. மேடையிலேயே இருந்தார். 1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில், மூன்று நாடகங்களில் ராணி மார்கரெட்டாக நடித்தார். இளம்பெண்ணாக ஆரம்பித்து, தள்ளாத கிழவியாக முடியும் பாத்திரம். அப்போது அவருக்கு 55 வயது! நல்லவேளை, அதை பிபிசி படம் பிடித்து வைத்தது. உனக்கு அங்கே கிடைத்தால் கட்டாயம் பார்.

'எ பேசேஜ் டு இந்தியா'வின் டைரக்டர் டேவிட் லீன் மிஸஸ் மூர் வேடத்துக்குக் கேட்டபோது, "எனக்கு 75 வயது, மிஸ்டர் லீன்" என்று தயங்கினாராம். "எனக்கும்தான்" என்றாராம் லீன். அந்த வேடத்துக்கு 1985இல் ஆஸ்கார் வந்தது. விழாவுக்கு அவர் போகவில்லை, ஏஞ்சலா லான்ஸ்பரிதான் அவருக்காக வாங்கிக்கொண்டார்.

77 வயதில் அவருக்குக் கிடைத்தது, நீயும் பொறுத்திரு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் அதற்கு முந்தின 58 வருஷமும் வெறும் காத்திருப்பு என்று ஆகிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் அவர் முழுசாகத்தான் நடித்தார், அது அந்த ராத்திரியோடு போயிற்று. ஆனால் மசூதியில் அவர் நிற்கும்போது அந்த ராத்திரிகள் எல்லாம் அவர் உடம்பில் இருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ கேட்டாயே எங்கே போச்சு என்று, எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

அந்தப் படம் வந்த அதே 1984இல் 'தி ஜுவல் இன் தி கிரவுன்' டிவி தொடரில் ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை பார்பியாகவும் வந்தார். ஓயாமல் பேசும் பார்பி, கடைசியில் பேச்சை இழந்து உட்கார்ந்திருப்பாள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பேசிவிட்டு இப்போது வீட்டில் சும்மா இருக்கும் எனக்கு அந்தக் காட்சியைத் தாங்க முடியவில்லை. ஓய்வுபெற்ற டீச்சரை அத்தனை மரியாதையோடு ஒருவர் நடித்து நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

1991இல் அவர் காலமானார். கிராய்டனில் அவர் பெயரில் ஒரு தியேட்டர் இருக்கிறது, அவர் உயிரோடு இருந்தபோதே, 1962இல் திறந்தது. உனக்கு அது தூரமில்லை. லீவு நாளில் போய் ஒரு தடவை வாசலையாவது பார்த்துவிட்டு வா.

அப்புறம், அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அவசரப்படாதே. உன் நாடகத்தில் அந்தக் கடைசிக் காட்சி இருக்கிறதே, அதை எனக்கு முழுசாகப் பேசிக் காட்டு. இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நான் போனை ஸ்பீக்கரில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா