‘லோ ஜி.ஐ.’ முத்திரைக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகங்களும் உணவு நிறுவனங்களும் கைகோத்து ஊட்டச்சத்து ஆய்வு செய்ய வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் படித்தோம். தேவை இருக்கிறது, மறுப்பில்லை. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஆனால் தலையங்கம் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்த பிறகு ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைகளில் இப்போது அதிகம் தென்படும் ‘லோ ஜி.ஐ.’ சிறுதானிய ரெடி மிக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்தான் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஜி.ஐ.); குளுக்கோஸுக்கு அது 100. இதை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 26642 என்ற சர்வதேச நெறிமுறை 2010 முதல் இருக்கிறது. குறைந்தது 10 ஆரோக்கியமான நபர்கள், இரவு முழுக்கப் பட்டினி, காலையில் உடலில் செரித்துச் சேரக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் இருக்கும் அளவு உணவு. சாப்பிடும் முன்பும், பிறகு 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் விரல் நுனியில் ரத்தம். அதே நபர்களுக்கு வேறு நாள்களில் குளுக்கோஸ் கரைசல் கொடுத்தும் இதேபோல் அளந்து, ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் இரண்டு வளைகோடுகளின் பரப்பையும் ஒப்பிடுவார்கள். 55-ம் அதற்குக் கீழும் ‘லோ’. 70-ம் அதற்கு மேலும் ‘ஹை’.

இதில் கோட்டை விடும் முதல் இடம் அந்த 50 கிராம். ஒரு மிக்ஸில் 100 கிராமுக்கு மொத்த மாவுச்சத்து 70 கிராம், அதில் நார்ச்சத்து 8 கிராம் என்று வையுங்கள். செரிக்கக்கூடியது 62 கிராம்தான். அப்படியானால் 81 கிராம் மாவு எடுத்துச் சமைக்க வேண்டும். நார்ச்சத்தைக் கழிக்காமல் 70-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 71 கிராம் மாவோடு நின்றுவிடும். சாப்பிட்டவர் உடம்பில் சேர்வது 44 கிராம். சர்க்கரை ஏற்றமும் அதற்கேற்பக் குறையும். உண்மையில் 60 வர வேண்டிய உணவு 53 அருகில் வந்து நிற்கும். நடுத்தரம் ‘லோ’ ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கூடுதலாகக் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். நார்ச்சத்தைத் தனியாக அளக்க ஆகும் செலவை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது இடம் ஆலை. பரிசோதனைக்கு வரும் மாதிரி சிறிய இயந்திரத்தில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்ததாக இருக்கும். சந்தைக்குப் போகும்போது தோசை மெல்லிசாக வரவேண்டும் என்று சல்லடையை மாற்றி நைஸாக அரைப்பார்கள். துகள் சிறுத்தால் செரிமானம் வேகமாகும், ஜி.ஐ. ஏறும். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய ‘இன்ஸ்டன்ட்’ வகையிலும் இதே கதை. பாக்கெட்டில் இருப்பதோ பழைய எண். வீட்டில் அதே மாவைத் தோசையாக வார்ப்பதும் கூழாகக் காய்ச்சுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. எந்த பேட்ச், என்ன அரைப்பு, எப்படிச் சமைத்தது என்று அறிக்கையில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எண்ணெயைக் கூட்டினாலே ஜி.ஐ. இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிப்ஸ் விற்பவர்கள் கவனிக்காமல் இருந்தால் நல்லது.

மூன்றாவது, அவசரம். “நான்கு வாரத்தில் ஹெச்பிஏ1சி குறைந்ததாகக் காட்ட முடியுமா?” என்பது நிறுவனங்களிடமிருந்து வழக்கமாக வரும் கேள்வி. சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை இது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் படியும் சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. ஆகவே 12 வாரத்துக்குக் குறைந்த ஆய்வில் முழு மாற்றத்தைப் பார்க்க முடியாது. ஆள் எண்ணிக்கையும் அப்படியே. இரு குழுக்களுக்கிடையே 0.5 சதவீதப் புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் முடிவு மாறுபடும் அளவு) 1 என்றால், வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி குழுவுக்கு 63 பேர் தேவை. ஐந்தில் ஒருவர் பாதியில் விலகுவார் என்று வைத்தால் 79 பேரைச் சேர்க்க வேண்டும். குழுவுக்கு 15 பேரை வைத்து நடத்திவிட்டு, ‘நல்ல முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதும் அறிக்கைகளை என்ன சொல்ல!

இவற்றையெல்லாம் தடுக்கும் இடம் ஒப்பந்தம்தான். அதில் மூன்று வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். மூலத் தரவு யாரிடம் இருக்கும்? பல்கலைக்கழகத்திடம் இருக்க வேண்டும். முடிவை வெளியிட நிறுவனத்தின் ‘அனுமதி’ வேண்டுமா? வேண்டியதில்லை, 30 அல்லது 60 நாளுக்குள் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தால் போதும். காப்புரிமையைக் காரணம் காட்டி வருடக்கணக்கில் இழுத்தடிப்பதற்கும் அடிப்படை இல்லை. தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்குச் சட்டமே 12 மாதம் தருகிறது. அந்த இடைவெளியில் கட்டுரையை வெளியிடலாம். கடைசி வரி: எதை அளக்கப்போகிறோம் என்ற முதன்மை அளவுகோல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் ஏற வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே ஆய்வு தொடங்கும் முன் செய்யும் பதிவு மட்டுமே ஏற்கப்படுகிறது. பதிவுக்கு, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு மாதம் ஒருமுறையோ இரு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். இதைக் கணக்கில் எடுக்காமல் ‘ஆறு மாதத் திட்டம்’ என்று கையெழுத்திடுபவர்கள்தான் பிறகு குறுக்குவழி தேடுகிறார்கள். பாரம்பரிய நெல், மூலிகை போன்றவற்றை வைத்துக் காப்புரிமை கேட்பவர்களுக்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு. அதன் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது, ஆனாலும் நம்மவர்களுக்குக் கடைசி நிமிடத்தில்தான் ஞாபகம் வருகிறது.

சந்தேகம் அதிகம் என்று நினைக்கலாம். அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் பக்கம் தள்ளும் கட்டுரையை 1967-ல் வரவைத்தது. பழைய கடிதங்கள் வழியாக இது வெளிவந்ததே 2016-ல்தான். குளிர்பானம், பழச்சாறு, பால் பற்றிய கட்டுரைகளை அலசிய 2007-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முழுக்க நிறுவனப் பணத்தில் நடந்தவற்றின் முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாக அமையும் வாய்ப்பு 4 முதல் 8 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இதற்கு மாறான முன்னுதாரணமும் நம்மிடமே உண்டு. 1950களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எருமைப் பாலில் குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கி, அதை அமுல் ஆலைக்குக் கொண்டுபோனது. அங்கே கேள்வி விளம்பரத்திலிருந்து பிறக்கவில்லை. இருக்கும் பாலை வைத்துக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதிலிருந்து பிறந்தது.

சென்னையில் உள்ள பல்கலைக்கழகங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுவனப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஊட்டச்சத்து ஆய்வையும், பணம் கொடுத்தவர் பெயர், தொகை, சி.டி.ஆர்.ஐ. பதிவெண், தொடங்கிய நாள் ஆகியவற்றோடு தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். பாதியில் நின்றதையும் எதிர்பார்த்த முடிவு தராததையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று பாக்கெட்டில் அச்சிடும் நிறுவனம் பக்கத்திலேயே அந்தப் பதிவெண்ணையும் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து, உயிர்வேதியியல் துறை ஆசிரியர்கள் சிலர்,
சென்னை-20.