அந்த ஸ்டிக்கர் குப்பைக் கூடைக்குப் போக வேண்டாம்

இம்ப்லான்ட் வைக்கும் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். 14 வருடமாகப் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். உங்களுக்குப் பாடம் எடுக்கும் படிப்பு எனக்கில்லை. சக்‌ஷன் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பல் எடுத்த குழியில் போடும் எலும்புத் துகளையும் (கிராஃப்ட்), அதன் பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் பற்றியது இது.

போன மாதம் ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தோம். இம்ப்லான்ட்டை, அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேரை, பிறகு வைக்கலாம், அதுவரை எலும்பு தேயாமலிருக்க "பவுடர்" போடுகிறோம் என்றார் டாக்டர். அந்த அம்மா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, "மாட்டெலும்பா சாமி? நான் கவுச்சியே தொடமாட்டேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வாயைத் திறங்க."

அவ்வளவுதான் பதில். கேட்டதில் தப்பில்லையே. மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்த துகள் உலகெங்கும் புழக்கத்தில் இருப்பதுதான். அன்று போட்டதோ செயற்கை. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் துகள், அதன்மேல் பி.எல்.ஜி.ஏ. பூச்சு. கரையும் தையல் நூல் செய்கிற அதே வகைப் பொருள். பார்க்க ரவை மாதிரி இருக்கும், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்று வரை. கூட வரும் திரவத்தை விட்டால் பூச்சு இளகி, துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். குழியில் அமுக்கியதும் ரத்தம் பட்டுச் சில நிமிடத்தில் இறுகிவிடும். பூச்சில்லாத துகளில் பாதியை என் சக்‌ஷனே உறிஞ்சிவிடும். விலை தெரிந்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

"சிந்தெடிக்" என்று பெட்டியில் இருந்தாலே போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். மேலே கொலாஜன் என்ற புரதம் பூசியிருந்தால், பூச்சு விலங்கிலிருந்து வந்திருக்கலாம். அந்தத் திரவத்தையும் பாருங்கள். ஈஸி-கிராஃப்ட் போன்ற பிராண்டுகளில் அது என்.எம்.பி. என்ற கரைப்பான். கருவைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சில துளிதான், ஆனாலும் வந்திருப்பது இளம்பெண் என்றால் கர்ப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலனையும் உள்ளபடி சொல்லுங்கள். பல் எடுத்த இடத்தில் ஒரு வருடத்துக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே என்று 2003-இல் ஷ்ரோப் குழுவினர் காட்டினார்கள். கிராஃப்ட் அந்தத் தேய்மானத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. "எலும்பு அப்படியே இருக்கும்" என்று கேட்டுப்போனவர்கள் திரும்பி வந்து என்னிடம்தான் சண்டை போடுகிறார்கள்.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். பெட்டியில் லாட் நம்பரோடு (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) வரும் ஸ்டிக்கரில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள், ஒன்றை நோயாளியிடம் கொடுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் எக்ஸ்ரே எடுக்கிற டாக்டருக்குக் குழியில் வெள்ளை வெள்ளையாகத் துகள் தெரியலாம். ஹைட்ராக்ஸி அபடைட் என்ற இன்னொரு வகைத் துகள் என்றால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், டிரைகால்சியம் பாஸ்பேட் என்றால் அதைவிடச் சீக்கிரம் கரையும். எது போட்டது என்று தெரியாவிட்டால் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்? கம்பெனி ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால், யாரைக் கூப்பிடுவீர்கள்?

அன்று கூடையில் விழுந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து வைத்திருந்தேன். தையல் பிரிக்க வந்தபோது அந்த அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல மாடு இல்லதானே?"

"இல்லம்மா."

மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவ உதவியாளர்