அண்ணா, அந்தக் கை வீடியோவில் இருக்கும்

அண்ணா,

தைப்பூசம் நெருங்குகிறது, கண்காட்சிக்கான வீடியோவையும் ஒருவழியாக முடித்துவிட்டேன். எதிரெதிரே இரண்டு திரை. ஒன்றில் காவடிகள், இன்னொன்றில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸும் டாக்சியும். பார்க்கிறவர் நடுவில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றது முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதைத்தான் நீ "ரோட்டைப் படம் பிடிச்சு வச்சிருக்கா" என்று சொல்லித் திரிகிறாய். ரோடுதான். சிங்கப்பூரில் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை முருகனுக்கு ஒரு தடம், மிச்சம் வண்டிகளுக்கு. எனக்கு அந்தத் தடுப்புதான் விஷயம்.

2023இல், கொரோனாவால் இரண்டு வருஷம் நின்றிருந்த ஊர்வலம் திரும்பிய அந்தக் காலை. செலிகி ரோடு சிக்னலில் உன்னை நிறுத்தினார்கள். கன்னத்தில் அலகு, பேச முடியாது, காவடியை இறக்கவும் முடியாது, சும்மா நின்றால் பாரம் இன்னும் அழுத்தும் என்று கால் மாற்றி ஆடிக்கொண்டே நின்றாய். மேளத்துக்கு அனுமதித்த இடம் பின்னால் போயிருந்தது, உன் கூட்டாளிகள் தொண்டை கட்டிய குரலில் வேல் வேல் என்று கைதட்டினார்கள். பக்கத்தில் ஒரு மாடி பஸ் வந்து நின்றது. மேல்தட்டில் கண்ணாடியோடு ஒட்டி ஒருவன் போனை நீட்டினான். நீ கம்பியை விட்டு வலக்கையைத் தூக்கி, விரலை விரித்து, வேண்டாம் என்று அசைத்தாய். நடுவில் என் கேமரா. என்னைத்தான் சொன்னேன் என்று அப்புறம் சொன்னாய். அன்றைக்கு அது அவனுக்கு என்றுதான் நினைத்தேன், நினைக்க வசதியாகவும் இருந்தது. மன்னித்துக்கொள். தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று மட்டும் கேட்காதே.

சுவரில் ஒட்டும் குறிப்பில், 1968இல் தைப்பூச விடுமுறை போனதையும், கோஷ்டிச் சண்டைகளைக் காரணம் சொல்லி 1973இல் வாத்தியங்களைத் தடுத்ததையும், 2016இல்தான் வழியில் 3 இடங்களில் மேளம் திரும்பியதையும் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால், இத்தனை பெரிய காவடி ஏன் வெறும் கைதட்டலோடு போகிறது என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது.

எதற்காக நேர்ந்துகொண்டாய் என்பதை அங்கே எழுதவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன், நம் ஆட்கள் யார் யாரோ படிக்கிறார்கள். உன் முகம் வருகிற இடத்தையெல்லாம் கழுத்தோடு வெட்டிவிட்டேன்.

டேங்க் ரோட்டில் அலகை உருவி விபூதியை அழுத்தியதும், முதல் வார்த்தையாக "நீ சாப்பிட்டியா" என்றாய். கேமராவை அணைத்துவிட்டிருந்தேன், நல்லவேளை. அது எனக்கு மட்டும் போதும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வழிநெடுக ஆளாளுக்குப் போனில் எடுத்தார்கள். அதில் ஒன்றை, அலகு பளிச்சென்று தெரிய, நீயே ஃபேஸ்புக்கில் போட்டாய், இன்னும் இருக்கிறது. தங்கச்சி எடுத்தால் மட்டும் சாமி குத்தமா? நீ விரதம் இருந்தபோது வேலை முடிந்து வந்து உனக்குத் தனியாக உலை வைத்தது யார் என்பதும் ஊருக்குச் சொன்ன கதையில் வரவில்லையே.

சரி. வெட்டாதது முழுவதும் ஒரு பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், வேறு யாரிடமும் கிடையாது. பார்க்க வருவதானால் வார நாளில் அண்ணியோடு வா, கூட்டம் இருக்காது. கை இருக்கும். அதை எடுக்கச் சொல்லி இனிமேல் அம்மாவைத் தூது அனுப்பாதே, சொல்வதென்றால் நீயே போன் போடு.