டாங்கி காங்கை எழுதியவர்களின் பெயரைப் போடுங்கள்

கியோட்டோவிலுள்ள நிண்டெண்டோ நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் டாங்கி காங் வீடியோ கேம் பிறந்த கதை ஆட்டப் பிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அமெரிக்காவுக்கு அனுப்பிய, காசு போட்டு ஆடும் ரேடார் ஸ்கோப் ஆட்டப் பெட்டிகள் சுமார் மூவாயிரத்தில் இரண்டாயிரம் விலைபோகாமல் கிடங்கில் தேங்கின. அவற்றுக்குள் வேறோர் ஆட்டத்தைப் போட்டாவது தள்ளிவிட்டாக வேண்டும். அந்த வேலை, ஆட்டம் வடிவமைத்துப் பழக்கமில்லாத ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வந்தது. பாப்பாய் கார்ட்டூன் பாத்திரங்களுக்கு உரிமை கிடைக்கவில்லை. சரி, ஒரு குரங்கு, ஒரு தச்சன், ஒரு பெண் என்று அவரே உருவாக்கிக்கொண்டார். 1981-இல் ஆட்டம் வந்தது. உங்கள் தலையெழுத்தே மாறியது.

அப்புறம் பெயர்கள். சியாட்டில் பக்கத்தில் உங்களுக்குக் கிடங்கு வாடகைக்கு விட்டவர் மரியோ செகாலி. தச்சனுக்கு அவர் பெயர் போனது. கிடங்கைப் பார்த்துக்கொண்டவரின் மனைவி பாலி. குரங்கு தூக்கிக்கொண்டு போகும் பெண் பாலின் ஆனாள். கிங் காங் எங்களுடையது என்று ஹாலிவுட் படக் கம்பெனி யூனிவர்சல் வழக்குப் போட்டபோது உங்களுக்காக வாதாடியவர் ஜான் கிர்பி. கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று அதே யூனிவர்சல் முன்பு கோர்ட்டில் வாதாடியிருந்ததை எடுத்துக் காட்டியே அவர் ஜெயித்தார். அவருக்கு டாங்கி காங் என்று பெயரிட்ட பாய்மரப் படகு ஒன்றைக் கொடுத்தீர்கள். 1992-இல் வந்த உங்கள் உருண்டையான ஆட்ட நாயகனுக்குக் கிர்பி என்ற பெயர் அமைந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

வீட்டுக்காரர், கிடங்குக்காரரின் மனைவி, வக்கீல் என்று எல்லோருக்கும் இடம் இருக்கிறது. புரோகிராம், அதாவது ஆட்டத்தை இயக்கும் நிரல், எழுதியவர்களுக்கு மட்டும் இல்லை.

மியாமோட்டோ படம் வரைந்தார், ஆட்டத்தை யோசித்தார், நிரல் எழுதவில்லை. அதை எழுதியது இகெகாமி சூஷின்கி என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள். டிவி நிலையங்களுக்குக் கேமரா செய்யும் கம்பெனி அது. ஒரே ஆட்டத்தில் நான்கு வெவ்வேறு களங்கள் கேட்டபோது, நான்கு ஆட்டம் எழுதச் சொல்கிறாரே என்று அவர்கள் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நியாயமான அலுப்புதான். உருளும் பீப்பாய், ஓடும் பட்டை, ஏறி இறங்கும் மின்தூக்கி, பிடுங்க வேண்டிய ஆணிகள் என ஒவ்வொரு களமும் தனி வேலை.

அவர்கள் கைரேகை ஆட்டத்தில் இன்றும் இருக்கிறது. 22-ஆம் நிலைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நிலையை முடிக்கத் தரும் நேரத்தைக் கணக்கிட, நிலை எண்ணைப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுகிறது நிரல். 22-க்கு 260 வருகிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய எட்டு பிட் இடத்தில் 255-க்கு மேல் கொள்ளாது. எண் சுற்றிக்கொண்டு 4 ஆகிவிடுகிறது. ஏணியில் பாதி ஏறுவதற்குள் நேரம் முடிந்து மரியோ செத்துவிழுகிறான். அவ்வளவு தூரம் ஒருவர் ஆடுவார் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார், பாவம்.

நிரல் பதிந்த சிப்புகளுக்குள் இன்னொன்றும் உண்டு. திரையில் ஒருபோதும் தோன்றாத ஒரு சேதி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். நிரலைப் பிரித்துப் படிப்பவருக்கு வாழ்த்துச் சொல்லி, கஷ்டமாக இருந்தால் நாங்கள் கற்றுத் தருகிறோம் என்று தொலைபேசி எண்ணும் நீட்டிப்பு எண்ணும் தந்து, இகெகாமி என்று முடிகிறது. தலைப்புத் திரையில் உங்கள் பெயர். அவர்கள் பெயர் சிப்பின் அடியில்.

அடுத்த ஆட்டமான டாங்கி காங் ஜூனியர் 1982-இல் வந்தபோது அந்த நிரலை வேறொரு நிறுவனத்தைக் கொண்டு பிரித்தெடுத்துப் பயன்படுத்தினீர்கள். நிரல் எங்களுடையது என்று இகெகாமி 1983-இல் 58 கோடி யென் கேட்டு வழக்குப் போட்டது. நியூயார்க்கில் யூனிவர்சலை நீங்கள் ஜெயித்ததும் அதே 1983-தான். ஒரு கோர்ட்டில் பெரிய கம்பெனியின் மிரட்டலுக்கு அஞ்சாதவர், இன்னொரு கோர்ட்டில் பிரதிவாதி. 1990-இல் சமரசம் ஆனது. அதை மறுபடி கிளற நான் வரவில்லை. பணக் கணக்கு தீர்ந்திருக்கலாம். பெயர்க் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

அந்தக் காலத்து வழக்கமே அதுதான், ஆளை மற்ற கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகாமலிருக்கப் பெயரை மறைப்பார்கள் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 ஜனவரியில் டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ் என்ற பழைய ஆட்டத்தை எச்டி மறுபதிப்பாக விட்டீர்களே, அதில் மறுபதிப்புச் செய்தவர்கள் பெயர் ஓடியது. 2010-இல் அதை உருவாக்கிய ரெட்ரோ ஸ்டூடியோஸ்காரர்களுக்கு, மூலக் குழுவின் படைப்பை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரே வரி. ஆள் கொத்திப் போகும் பயம் இப்போது எங்கே இருக்கிறது?

நான் கேட்பது சின்ன விஷயம். காசு போட்டு ஆடிய அந்தப் பழைய டாங்கி காங் 2018 முதல் உங்கள் ஸ்விட்ச் ஆட்டக் கருவியில் கிடைக்கிறது. மூல ஆட்டத்தில் ஒரு பிட்டைக்கூடத் தொட வேண்டாம். மெனுவில் ஒரு பக்கம் சேர்த்து, வடிவமைத்தவர், நிரல் எழுதியவர்கள் என்று பெயர்களைப் போடுங்கள். ஜூனியருக்கும் அப்படியே, ரிட்டர்ன்ஸுக்கு ஒரு அப்டேட் போதும். டாங்கி காங் எழுதும்போது இருபதுகளில் இருந்தவர்கள் இப்போது எழுபதை ஒட்டியிருப்பார்கள், அதனால் இன்னொரு ஆண்டுவிழா வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்களிடம் பட்டியல் இல்லையென்றால் இகெகாமி இன்றும் கேமரா செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை இன்றும் ஆடும் ஒரு தமிழ் வாசகன்